ஜப்பானிலிருந்து மொம்பாசாவுக்கு ஒரு குட்டி லாரி: முதல்முறை இறக்குமதி செய்பவர்களுக்கு

மொம்பாசாவின் கொங்கோவியா சந்தையில் விடிவதற்கு முன் சரக்கு எடுத்து, கடை கடையாகப் பிரித்துப் போடுவது என் தொழில். மூன்று வருடம் வாடகை வண்டியை நம்பி ஓட்டினேன். கிட்டத்தில் உள்ள கடைகளுக்கு ம்கோகோதேனி தள்ளுவண்டி, தூரத்துக்கு யாருடைய பிக்கப்பாவது. 2024 அக்டோபரில் சொந்தமாக ஒரு பழைய சுசூகி கேரி குட்டி லாரி வாங்குவது என்று முடிவு செய்தேன். அதில் முதல் மூட்டையை ஏற்றியது 2025 மார்ச் கடைசியில். மூன்று மாதத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை ஐந்து மாதத்துக்கு மேல் இழுத்தது. வண்டியில் பெரிய குறை ஒன்றும் இல்லை. காகிதத்தில் ஒரு தேதியும் ஒரு பெயரும் பொருந்தாததுதான் முக்கியக் காரணம்.

கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் புதிதாக வந்து கடையோ பண்ணையோ தொடங்கும் நம்மவர்கள் பலர் இதே குழியில் விழுவதைப் பார்க்கிறேன். நான் கட்டிய பணத்தை நீங்களும் கட்ட வேண்டாம். கீழே உள்ளது கென்யாவுக்கு மட்டும் பொருந்தும். உகாண்டாவில் 15 வயதான வண்டி உள்ளேயே வர முடியாது. தான்சானியாவில் பழைய வண்டிக்குத் தடை இல்லை, கூடுதல் வரி உண்டு. ஒரு நாட்டின் விதியைக் கேட்டுக்கொண்டு இன்னொரு நாட்டுக்கு வண்டி எடுத்துவிடாதீர்கள். வரி விகிதங்கள் நான் கட்டிய 2025-ஆம் ஆண்டு நிலவரம்.

1. முதலில் மூட்டையை எண்ணுங்கள்

ஜப்பானியக் குட்டி லாரியில் எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் அளவு ஒன்றுதான்: 660 சிசி எஞ்சின், நீளம் 3.4 மீட்டருக்குள், அகலம் 1.48 மீட்டருக்குள், சுமக்கும் எடை 350 கிலோ. கென்யாவில் உருளைக்கிழங்கு மூட்டை 50 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். ஆக ஏழு மூட்டை. ஆனால் சந்தையில் லும்பேசா என்று, வாய்க்கு மேல் கோபுரம் மாதிரி கட்டிய மூட்டைகள் இன்னமும் வருகின்றன. அது ஒன்றே 100 கிலோவைத் தாண்டும். அப்படிப்பட்ட மூட்டை மூன்றுக்கு மேல் உங்கள் வண்டி தாங்காது.

ஒரு வாரம் நோட்டு வைத்து, ஒரு நடைக்கு எத்தனை கிலோ போகிறது என்று எழுதிப் பாருங்கள். அடிக்கடி 400-ஐத் தாண்டினால் குட்டி லாரியை மறந்துவிடுங்கள். டொயோட்டா டவுன்ஏஸ் லாரி 1500 சிசி, சுமார் 800 கிலோ தாங்கும். விலையும் வரியும் கூடினாலும் நடை பாதியாகும். எனக்குச் சராசரி 280 கிலோ. கேரி போதுமானதாக இருந்தது.

நகருக்குள் கொஞ்சம் சரக்கை மட்டும் கொண்டுபோக வேண்டும் என்றால் இறக்குமதியே வேண்டாம். மொம்பாசா தெருவில் ஓடும் துக்-துக் ஆட்டோக்களில் நம் ஓசூரில் செய்த டிவிஎஸ் கிங்கும் உண்டு. உள்ளூர் விற்பனையாளரிடம் பதிவோடு கிடைக்கும். வண்டி இந்த மாதமே வேண்டும் என்கிற அவசரம் இருந்தாலும், விலை கூடுதலானாலும் பரவாயில்லை என்று, பழைய வண்டி விற்கும் மொம்பாசா யார்டுகளில் பார்த்து வாங்குங்கள். இறக்குமதியில் மிச்சம் பிடிக்கப் பொறுமை வேண்டும்.

2. தேதி: எட்டு வருடக் கணக்கு

கெப்ஸ் என்று எல்லோரும் சொல்லும் கென்யத் தர நிர்ணய அமைப்பின் விதி இது. முதல் பதிவு ஆண்டையும் சேர்த்து எண்ணி, எட்டு வருடத்துக்கு மேற்பட்ட பழைய வண்டி வரக் கூடாது. ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் இந்தக் கோடு ஒரு வருடம் நகரும். 2025-இல் வந்திறங்கும் வண்டி 2018 அல்லது அதற்குப் பிறகு பதிவானதாக இருக்க வேண்டும். 2026-இல் 2019.

நீங்கள் வாங்கிய தேதியையோ கப்பல் கிளம்பிய தேதியையோ இங்கே யாரும் பார்ப்பதில்லை. மொம்பாசாவில் வந்திறங்கும் தேதியைத்தான் பார்ப்பார்கள். இதனால் செப்டம்பர், அக்டோபரில் எல்லைக்கோட்டு வண்டிகள் மலிவாக வரும். நான் முதலில் முன்பணம் கட்டியது 2017-இல் பதிவான ஒரு கேரிக்கு. "டிசம்பருக்குள் வந்துவிடும்" என்றார் விற்றவர். கப்பல் அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், மொம்பாசா சேரும் நாள் டிசம்பர் 27. ஐந்து நாள் தாமதமானால் வண்டியைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். விலகிக்கொண்டேன். முன்பணத்தில் பாதி போயிற்று. என் யோசனை: எல்லை ஆண்டு வண்டியை ஆகஸ்டுக்குப் பிறகு தொடாதீர்கள்.

ஜப்பானியக் காகிதங்களில் ஆண்டு அவர்கள் பேரரசர் காலக் கணக்கில் இருக்கும். ஹெய்செய் 30 என்றால் 2018. ஹெய்செய் 31 என்பது 2019 ஏப்ரல் வரைதான். 2019 மே முதல் ரெய்வா 1. விற்பனையாளர் தன் விளம்பரத்தில் போடும் ஆண்டை நம்பாமல், பதிவு ரத்துச் சான்றிதழின் படத்தைக் கேட்டு வாங்கி நீங்களே மாற்றிப் பாருங்கள். தயாரித்த மாதத்துக்கும் முதல் பதிவுக்கும் இடையே ஒரு வருடத்துக்கு மேல் இடைவெளி உள்ள வண்டியையும் தள்ளிவிடுங்கள். சிக்கல் வரும்.

3. பெயர்: பணம் கட்டும் முன்பே சரிசெய்யுங்கள்

இறக்குமதி செய்ய உங்களுக்கு கேஆர்ஏ பின் (PIN) எண், அதாவது வரி அடையாள எண் வேண்டும். கேஆர்ஏ என்பது இங்குள்ள வருவாய்த் துறை. வெளிநாட்டவர் என்றால் முதலில் ஏலியன் அடையாள அட்டை, பிறகு பின் எண், பிறகு இசிட்டிசன் என்ற அரசு இணையதளத்தில் கணக்கு. அட்டை கைக்கு வரவே வாரங்கள் ஆகலாம். அது வரும்வரை வண்டி தேடுங்கள், ஆனால் பணம் அனுப்பாதீர்கள்.

நம்மவர்களுக்கென்றே உள்ள பிரச்சினை இனிஷியல். என் பாஸ்போர்ட்டில் என் பெயர் முதலில், அப்பா பெயர் அடுத்து. பின் சான்றிதழில் அப்பா பெயர் முன்னால் வந்துவிட்டது. ஜப்பானில் இன்வாய்ஸுக்குப் பெயர் கேட்டபோது, பள்ளிக்கூடத்திலிருந்து எழுதிப் பழகிய மாதிரி ஒற்றை எழுத்து இனிஷியலோடு அனுப்பினேன். நமக்கு மூன்றும் ஒரே ஆள். சுங்கத்தின் கம்ப்யூட்டருக்கு மூன்று ஆள்.

பின் சான்றிதழை எதிரில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள எழுத்து, வரிசை, இடைவெளி அப்படியே இன்வாய்ஸ், பில் ஆஃப் லேடிங் என்ற கப்பல் சரக்குச் சீட்டு, இன்சூரன்ஸ் எல்லாவற்றிலும் வர வேண்டும். இனிஷியல் எங்கும் வேண்டாம். பின் சான்றிதழிலேயே தவறு இருந்தால் அதைத் திருத்திவிட்டுத்தான் அடுத்த அடி.

4. கணக்கு: வண்டி விலை பாதிதான்

பழைய வண்டிக்கு வரி போட கேஆர்ஏ நீங்கள் கொடுத்த விலையை எடுத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு மாடலுக்கும் இங்கே புதிதாக விற்கும் விலை என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. சிஆர்எஸ்பி என்பார்கள். அதிலிருந்து வண்டியின் வயதுக்கேற்ப தேய்மானம் கழித்து சுங்க மதிப்பைக் கண்டுபிடிப்பார்கள். ஏலத்தில் பாதி விலைக்குத் தட்டித் தூக்கினாலும் வரி குறையாது. உங்கள் மாடல் பட்டியலில் இருக்கிறதா என்று, துறைமுகத்தில் சுங்க வேலையை முடித்துத் தரும் கிளியரிங் ஏஜென்டிடம் முன்பே கேளுங்கள். இல்லாத மாடலுக்கு மதிப்பு எப்படிப் போடுவார்கள் என்று காத்திருப்பது தலைவலி.

வரி ஒன்றன் மேல் ஒன்றாக ஏறும். சுங்க மதிப்பு 100 என்றும், இறக்குமதி வரி 25 சதவீதம், எக்சைஸ் 20 சதவீதம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இறக்குமதி வரி 25. எக்சைஸ் 125-க்கு மேல் போடுவார்கள், அது 25. வாட் 16 சதவீதம், 150-க்கு மேல், அது 24. இதோடு இறக்குமதி அறிவிப்புக் கட்டணம் 2.5, ரயில்வே மேம்பாட்டு லெவி 2. மொத்தம் 78.5. அதே வண்டிக்கு இறக்குமதி வரி 35 சதவீதமானால் மொத்தம் 92-ஐத் தாண்டும். இறக்குமதி வரியும் எக்சைஸும் வண்டியின் வகை, எஞ்சின் அளவைப் பொறுத்தவை. "மொத்தம் இவ்வளவு ஆகும்" என்று சொல்லும் ஏஜென்டிடம் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். வேன் என்று பதிவாகுமா, சரக்கு வண்டி என்று பதிவாகுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

நான் கணக்குப் போட்டபோது ரயில்வே லெவி 1.5 சதவீதம். 2024 டிசம்பர் 27 முதல் 2 ஆயிற்று. வண்டி கடலில் இருக்கும்போது விகிதம் மாறலாம். அதனால் மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள்.

வரி போக கப்பல் நிறுவனத்தின் டெலிவரி ஆர்டர் கட்டணம், துறைமுகக் கட்டணம், சிஎஃப்எஸ் என்ற சரக்குக் கிடங்கு யார்டில் கையாளும் கூலி, ஏஜென்ட் கூலி, நம்பர் பிளேட், இன்சூரன்ஸ் எல்லாம் இருக்கின்றன. என் நோட்டில் இவை பதினோரு வரி வந்தன. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிதில்லை. கூட்டிப் பார்த்தால் நான்கு டயரும் ஒரு பேட்டரியும் வாங்கலாம்.

5. வண்டியைத் தேர்ந்தெடுத்தல்

சுசூகி கேரி, நிசான் கிளிப்பர், மஸ்தா ஸ்க்ரம், மிட்சுபிஷி மினிகேப் ஆகியவற்றின் இப்போதைய தலைமுறை எல்லாம் ஒரே வண்டி. டைஹட்சு ஹைஜெட், சுபாரு சாம்பார், டொயோட்டா பிக்ஸிஸ் லாரி இன்னொரு குடும்பம். கேரி கிடைக்கவில்லை என்றால் கிளிப்பரைப் பாருங்கள். உதிரி பாகம் அதேதான். எந்தக் குடும்பம் என்பதை உங்கள் மெக்கானிக்கைக் கேட்டு முடிவு செய்யுங்கள். அவருக்குப் பழக்கமில்லாத எஞ்சினை வாங்கி அவரிடமே கொண்டுபோய் நிறுத்தாதீர்கள்.

கியர் சாதாரண மேனுவலாக இருக்கட்டும். கேரியில் ஏஜிஎஸ் என்ற தானியங்கி கியரும் வருகிறது. அது பழுதானால் இங்கே பார்க்க ஆள் கிடைப்பது கடினம். மண் சாலையில் போகிறவர்கள் மட்டும் நான்கு சக்கர இயக்கத்துக்குக் கூடுதல் பணம் கொடுங்கள்.

ஜப்பானில் வண்டி ஏலத்துக்கு வரும்போது அதைச் சோதித்து எழுதும் ஏலத் தாளைக் கட்டாயம் கேளுங்கள். அதில் வண்டியின் படம் வரைந்து எழுத்துகள் போட்டிருப்பார்கள். ஏ என்றால் கீறல், யு என்றால் நசுங்கல். இவை லாரிக்குப் பொருட்டில்லை. எஸ் என்றால் துரு, சி என்றால் அரிப்பு. இவைதான் ஆபத்து. ஜப்பானின் பனிப் பகுதிகளில் சாலையில் உப்புத் தூவுவார்கள். அங்கே ஓடிய வண்டியின் மேல்பக்கம் பளபளக்கும், அடிப்பக்கம் பொரிந்து கிடக்கும். மொம்பாசாவின் கடல்காற்று மிச்சத்தைத் தின்றுவிடும். அடிச்சட்டம், கேபினுக்குக் கீழே, பின் பலகையின் கீல் ஆகிய மூன்றுக்கும் புகைப்படம் கேளுங்கள். அனுப்ப மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள். மதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் ஆர் என்று இருந்தால் விபத்தில் அடிபட்டுப் பழுது பார்த்த வண்டி.

6. பணம், சோதனை, இன்சூரன்ஸ்

இன்வாய்ஸ் வந்ததும் வங்கிக் கணக்கு எண்ணைத் தொலைபேசியில் கூப்பிட்டு ஒருமுறை உறுதி செய்யுங்கள். விற்பவரின் மின்னஞ்சலுக்குள் புகுந்து கணக்கு எண்ணை மாற்றி அனுப்பும் மோசடி இந்த வியாபாரத்தில் சாதாரணம். "எங்கள் வங்கி மாறிவிட்டது" என்று கடிதம் வந்தால் அன்று பணம் அனுப்பாதீர்கள். தனியாள் பெயரில் உள்ள கணக்குக்கு எப்போதுமே அனுப்பாதீர்கள்.

விலையைக் கப்பல் கூலியோடு மட்டும் பேசுங்கள், இன்சூரன்ஸ் சேர்க்க வேண்டாம். கென்யாவுக்கு வரும் சரக்குக்குக் கடல் இன்சூரன்ஸை இங்குள்ள நிறுவனத்திடமே எடுக்க வேண்டும் என்பது விதி. 2017 முதல் கேஆர்ஏ இதைக் கேட்கிறது. ஜப்பானில் கட்டினால் இங்கே இன்னொரு தரம் கட்ட வேண்டிவரும்.

இறக்குமதி அறிவிப்புப் படிவத்தை உங்கள் ஏஜென்ட் ஆன்லைனில் கப்பல் கிளம்பும் முன்பே போட வேண்டும். வண்டி ஜப்பானை விட்டுப் புறப்படும் முன், கெப்ஸ் அனுமதித்த நிறுவனம் சோதித்து, சாலையில் ஓடத் தகுதியானது என்ற ரோடுவொர்தினஸ் சான்றிதழ் தர வேண்டும். இந்தச் சோதனை யார் செலவு என்பது இன்வாய்ஸில் தெளிவாக இருக்கட்டும். சோதனையில் தோற்றால் யார் பழுது பார்ப்பது என்பதும் இருக்கட்டும். எனக்கு பிரேக் லைனில் கசிவு என்று ஒருமுறை திருப்பிவிட்டார்கள். விற்றவரே சரிசெய்தார், ஆனால் பத்து நாள் போயிற்று, ஒரு கப்பலும் போயிற்று.

7. பில் ஆஃப் லேடிங்: வரைவைப் படிக்காமல் சரி சொல்லாதீர்கள்

கப்பல் ஏறிய சில நாளில் பில் ஆஃப் லேடிங்கின் வரைவு மின்னஞ்சலில் வரும். "சரியா பாருங்கள்" என்று ஒரு வரியோடு. நான் கடையில் கூட்டமாக இருந்த நேரத்தில் போனில் திறந்து, வண்டிப் பெயரை மட்டும் பார்த்துவிட்டு "ஓகே" என்று அனுப்பினேன். அந்த ஒரு சொல் எனக்குப் பதினாறு நாள் செலவு வைத்தது.

சரக்குப் பெறுபவர் இடத்தில் என் இனிஷியலும் பெயரும் இருந்தன. சேசிஸ் நம்பரில் 3 இருக்க வேண்டிய இடத்தில் 8. கப்பல் மொம்பாசாவுக்கு வந்த பிறகுதான் ஏஜென்ட் கவனித்தார். திருத்தக் கடிதம் ஜப்பானிலிருந்து வர வேண்டும், இங்குள்ள கப்பல் முகவர் கட்டணம் வாங்கிக்கொண்டு மேனிஃபெஸ்ட் என்ற கப்பல் சரக்குப் பட்டியலைத் திருத்த வேண்டும், சுங்கம் அதை ஏற்க வேண்டும். எல்லாம் முடியும்வரை வண்டி யார்டில் வெயிலில் நின்றது. இலவச நாள் கழிந்தபின் ஒவ்வொரு நாளும் ஸ்டோரேஜ் கட்டணம்.

வரைவு வந்ததும் அதை அச்சிட்டு எடுங்கள். ஒரு கையில் பின் சான்றிதழ், ஒரு கையில் பதிவு ரத்துச் சான்றிதழ். பெயரை எழுத்தெழுத்தாக, சேசிஸ் நம்பரை எண்ணெண்ணாக, வீட்டில் ஒருவர் வாசிக்க நீங்கள் பேனாவால் அடித்துக்கொண்டே வாருங்கள். எஞ்சின் நம்பரையும் விடாதீர்கள். கப்பல் ஏறும் நேரத்தில் திருத்தினால் ஒரு மின்னஞ்சலோடு முடியும்.

அசல் காகிதங்கள் கூரியரில் வரும்: பில் ஆஃப் லேடிங், இன்வாய்ஸ், ஏற்றுமதிச் சான்றிதழும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும், சோதனைச் சான்றிதழ். கடலில் நான்கு முதல் ஆறு வாரம். காகிதம் கப்பலுக்கு முன்னால் வந்து சேர வேண்டும்.

8. துறைமுகத்தில்

உரிமம் உள்ள கிளியரிங் ஏஜென்டைக் கப்பல் வரும் முன்பே அமர்த்துங்கள், கேட் வாசலில் தேடாதீர்கள். கூலியை எழுத்தில் பேசுங்கள். முக்கியமானது இது: வரிப் பணத்தை ஏஜென்ட் கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். சுங்க அறிக்கை போட்டதும் கேஆர்ஏ ஒரு பணம் கட்டும் சீட்டை உருவாக்கும், அதற்கு ஒரு எண் இருக்கும். அந்தச் சீட்டை வாங்கி, உங்கள் பின் எண் அதில் இருக்கிறதா என்று பார்த்து, நீங்களே வங்கியில் கட்டுங்கள். ரொக்கம் கொடுத்துவிட்டு, மூன்று வாரம் கழித்து வரி கட்டப்படவே இல்லை என்று தெரிந்துகொண்டவரை எனக்குத் தெரியும்.

கப்பலிலிருந்து இறக்கத் தொடங்கிய 21 நாளுக்குள் சுங்க அறிக்கை போட வேண்டும் என்பது கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்தின் சுங்கச் சட்டம். அதைத் தாண்டினால் வண்டி சுங்கக் கிடங்குக்குப் போகும், பிறகு ஏலம். காகிதம் சரியாக இருந்தால் ஒன்று இரண்டு வாரத்தில் வண்டி வெளியே வந்துவிடும்.

யார்டில் வண்டியை எடுக்கும்போது ஜாக்கி, ஸ்பேர் டயர், ரேடியோ, பேட்டரி இருக்கின்றனவா என்று ஏலப் புகைப்படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குறை இருந்தால் கையெழுத்துப் போடும் முன் சொல்லுங்கள்.

9. பதிவும் சாலைக்கு வேண்டியவையும்

என்டிஎஸ்ஏ என்ற போக்குவரத்து ஆணையத்தில் பதிவு. நம்பர் பிளேட் கட்டணம் 3,000 ஷில்லிங். லாக்புக் என்ற வண்டி உரிமைச் சான்று உங்கள் பெயரில் வரும், எடை அளவு சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் சோதனை உண்டு. ஒளிரும் பட்டை, எச்சரிக்கை முக்கோணம், தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி எல்லாம் முதல் நாளே வாங்கி வையுங்கள்.

இன்சூரன்ஸில் எல்லோரும் தவறு செய்யும் இடம் ஒன்று உண்டு. சொந்தச் சரக்கு ஏற்ற ஒரு பாலிசி, வாடகைக்கு அடுத்தவர் சரக்கு ஏற்ற வேறு பாலிசி. முதலாவது மலிவு. அதை எடுத்துவிட்டு, திரும்பி வரும்போது காலியாக வருவானேன் என்று பக்கத்துக் கடைக்காரரின் சரக்கைக் காசுக்கு ஏற்றினால், விபத்து நடந்தால் ஒரு ஷில்லிங் வராது. உண்மையில் எதற்கு ஓட்டப்போகிறீர்களோ அதைச் சொல்லி எடுங்கள்.

பிக்கப், வேன், லாரி எல்லாவற்றுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை முன்கூட்டிய வருமான வரி உண்டு. ஒரு டன் சுமைக்கு 2,500 ஷில்லிங் அல்லது மொத்தம் 5,000, எது அதிகமோ அது. குட்டி லாரிக்கு 5,000 தான் வரும். ஆண்டு முடிவில் உங்கள் வருமான வரியில் இதைக் கழித்துக்கொள்ளலாம், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். இதை எனக்கு ஏஜென்டும் சொல்லவில்லை, இன்சூரன்ஸ்காரரும் சொல்லவில்லை. சோதனைக்கு நேரம் குறிக்கப் போனபோதுதான் தெரிந்தது.

10. முதல் மாதம்

சரக்கு ஏற்றும் முன் எஞ்சின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், பெல்ட் மாற்றுங்கள். ஜப்பானில் எப்போது மாற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாது. டயர் 145ஆர்12 அளவு, லாரிக்கான ஆறு பிளை. அளவு ஒன்றுதானே என்று கார் டயரைப் போட்டுவிடாதீர்கள், பக்கச்சுவர் பிதுங்கி வெடிக்கும். நைரோபிக்குப் போகிறவர்கள் கிரின்யாகா ரோட்டில் ஃபில்டர், பிரேக் ஷூ, கிளட்ச் தட்டு ஒவ்வொரு செட் வாங்கி வையுங்கள். வண்டி நின்ற பிறகு தேடினால் சொன்னதுதான் விலை.

ஓட்டுநரிடம் எடை விஷயத்தை முதல் நாளே பேசுங்கள். என்னுடையவர் நல்ல மனிதர், ஆனால் சந்தையில் பத்து மூட்டையை அடுக்கிக் கயிறு கட்டிக் கொண்டுவந்து நிறுத்தினார். பின் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே இரண்டு விரல் போகவில்லை. ஸ்பிரிங் தகடு படுத்துவிட்டது. மூன்றை இறக்கி வைத்தோம். மறுநாள் ஜுவா காலி என்று சொல்லும் தெருவோரப் பட்டறையில் பின் பலகையில் வெள்ளைப் பெயிண்டால் "கிலோ 350" என்று பெரிதாக எழுத வைத்தேன். சுமை ஏற்றும் பையன்கள் இப்போது அதைப் பார்த்துவிட்டு, ஏழாவது மூட்டையோடு அவர்களாகவே நிறுத்திக்கொள்கிறார்கள்.